பதினொரு வயதுக் கை

மொன்றியலில் வளர்ந்து, இப்போது ஐம்பதைத் தாண்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரரே, உங்களில் எத்தனை பேருக்கு இரண்டு பிறந்தநாள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டீர்கள். வீட்டுக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, எந்த நாளில் கேக் வாங்குவது என்று மனைவியைக் குழப்புகிற ஆண்கள் சிலரை எனக்குத் தெரியும். என் அண்ணன் அவர்களில் ஒருவர். அவருடைய கதையை இதுவரை யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் அவருடைய மானம் அல்ல, என்னுடையது.

அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். எங்களுக்கு முன்னரே கனடாவுக்கு வந்து, மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை எடுத்து, இரண்டு அறை வீடொன்றை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தார். அம்மாவும் அண்ணனும் நானும் வந்து இறங்கியபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. ஆனால் விமான நிலையத்தில் அம்மா கொடுத்த விபரத்தில் அண்ணனுக்கு ஒன்பது. அப்பா தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தபடி அம்மா சொன்னா. ஊரில் எங்கள் பள்ளிக்கூடம் முதலில் அகதி முகாமாகவும் பிறகு ஆமிக்காரரின் முகாமாகவும் மாறியதில் அண்ணனின் படிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

"சண்டை அவன்ரை மூண்டு வருசத்தைத் திண்டிட்டுது. நான் அதைக் கடதாசியிலை திருப்பி எடுத்துக் குடுத்திருக்கிறன்," என்று அப்பா அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அவருக்கு அது ஒரு கழித்தல் கணக்கு. ஒன்பது வயதுப் பெடியன் என்றால் கீழ் வகுப்பில் சேர்ப்பார்கள், ஆறுதலாகப் பிரெஞ்சு படிப்பான், டொக்டராக வருவான். என் வயதைக் குறைக்க அவருக்குத் தோன்றவில்லை. பெண்பிள்ளையின் படிப்புக்கு மூன்று வருடம் பாவிக்கலாம் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

இதனால் கடதாசியில் நான் அக்கா, அவர் தம்பி. வீட்டுக் கதவுக்கு உள்ளே அவர் அண்ணை, நீங்கள். கதவுக்கு வெளியே அவர் தம்பி, நீ. அம்மா எங்கள் இருவரையும் சுவரோடு நிறுத்திப் பாடமாக்க வைத்தா. "பிழைச்சுதெண்டால் நாலு பேரையும் பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்தா. எங்களுடைய அகதி விசாரணை அப்போது நடக்கவில்லை. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஏறியவுடன், "தம்பி, சப்பாத்துக் கயிறைக் கட்டு," என்று அதிகாரம் பண்ணுவேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து கட்டுவார். இறங்கி வீட்டுக்குள் வந்ததும் என் தலையில் ஒரு குட்டு விழும். அப்போது அது எங்கள் இருவருக்கும் பகிடியாகத்தான் இருந்தது.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் சுவாமி, ஒன்பது வயதாகியும் பிள்ளை இன்னும் முதல் நன்மை எடுக்கவில்லையா, நற்கருணை வாங்கவில்லையா என்று கேட்டுவிட்டார். நாலு வருடத்துக்கு முந்தியே எடுத்துவிட்டான் என்றால் கடதாசிக் கணக்கில் அப்போது ஐந்து வயது என்று வரும், அதனால் அம்மாவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஊரில் எட்டு வயதில் முதல் நன்மை எடுத்த அண்ணன், மொன்றியலில் வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாக இரண்டாம் முறை முதல் நன்மை எடுத்தார். படம் பிடிக்கும்போது சின்னப் பிள்ளைகளின் வரிசையில் முழங்காலை மடித்து நிற்கச் சொல்லி அப்பா தூரத்தில் இருந்து கை காட்டினார். அம்மா அன்றிலிருந்து தான் சாகும்வரைக்கும், எங்கள் வீட்டில் நடந்த எல்லாக் கெட்டதுக்கும் அந்த இரண்டாம் முதல் நன்மைதான் காரணம் என்று நம்பினா.

நான் சொல்லவந்த கோடைகாலம் அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிந்தியது. அண்ணனுக்கு உண்மையில் பதினாலு, கடதாசியில் பதினொன்று. எனக்குப் பன்னிரண்டு. எங்கள் குடும்பத்து ஆண்கள் கட்டையானவர்கள் என்பதால் சமாளித்துக்கொண்டிருந்தோம். ஆனால் மீசை கடதாசியைப் பார்த்து முளைப்பதில்லையே. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன் அப்பா அவரைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ச் சவர்க்காரம் பூசி மழித்துவிடுவார். குரல் உடைந்தபோது வெளியில் கதைக்கவேண்டாம் என்று கட்டளை வந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் வாயே திறப்பதில்லை. பிரெஞ்சு ஏறவில்லை என்று ஆசிரியர்கள் எழுதி அனுப்பினார்கள். நாங்களும் அதையே நம்பிவிட்டோம். வீட்டுக்கு வரும் கடிதம், தொலைபேசி, வீட்டுச் சொந்தக்காரர், வைத்தியர் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

பால் குடித்தால் எலும்பு வளரும் என்று பள்ளிக்கூடத்துத் தாதி சொன்னதையும் நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அடுத்த நாளிலிருந்து அம்மா அண்ணனுக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டா. எனக்கு மட்டும் ஊற்றித் தந்தா. அண்ணன் என்னுடைய கோப்பையைப் பார்த்துக்கொண்டு பாண் சாப்பிடுவார். 

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு பூங்கா இருந்தது. அங்கே பிள்ளைகள் பேஸ்பால் விளையாடுவார்கள். நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். ஒருநாள் பந்தொன்று வேலியைத் தாண்டி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. வெள்ளைத் தோல், சிவப்பு நூலால் தைத்தது. அண்ணன் அதை எடுத்து, உருட்டிப் பார்த்து, நின்ற இடத்திலிருந்து திருப்பி எறிந்தார். மைதானத்தின் மறு கரையில் நின்ற பெடியனின் கையுறைக்குள் அது போய் அடித்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அந்தப் பெடியன் கையுறையைக் கழற்றிக் கையை உதறினான்.

ஊரில் அண்ணன் கிரிக்கெட் விளையாடியவர். பந்து போடும்போது முழங்கையை மடக்குகிறார் என்று அவரை எல்லோரும் பேசுவார்கள். "உவன் போடேல்லை, எறியிறான்," என்று அணியிலேயே எடுக்கமாட்டார்கள். பூங்காவில் பயிற்சி கொடுத்த கோச், பகலில் பாண் வண்டி ஓட்டிக் கடைகளுக்குப் பாண் கொடுக்கிற மனிதர். அவர் அண்ணனைக் கூப்பிட்டு மண் மேட்டில் ஏற்றி, கையை மடக்கி எறியச் சொன்னார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மடக்கலாமோ எண்டு கேள்."

கேட்டேன். மடக்காமல் எப்படி எறிவது என்று கோச் சிரித்தார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் வழி நெடுகக் கையை மடக்கியும் நீட்டியும் பார்த்துக்கொண்டே வந்தார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதன் பிறகு அந்தப் பூங்காவில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பதினாலு வயதுக்காரர் எறிந்தால் என்ன நடக்கும்? மட்டையை வைத்திருந்த பிள்ளைகள் பந்து போன பிறகு வீசினார்கள். சிலர் வீசவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். ஒரு தாய் தன் மகனை மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கோச் மட்டும் பைத்தியம் பிடித்தவர் மாதிரி வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். அடுத்த கிழமை தொப்பி போட்ட கிழவர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

அந்தத் தொப்பிக்காரர், நம்முடைய நகரத்தில் அப்போது இருந்த தொழில்முறை அணியின் ஆள். பூங்கா பூங்காவாகப் போய் நல்ல கை உள்ள பிள்ளைகளைத் தேடுவது அவருடைய வேலை. சூரியகாந்தி விதையை வாய்க்குள் போட்டு மென்று கோதைத் துப்பிக்கொண்டே இருப்பார். வீதியில் பொலிஸ்காரர் காரின் வேகத்தைப் பார்க்கப் பிடிப்பார்களே, அப்படியொரு கருவியை அண்ணனை நோக்கிப் பிடித்தார். அன்று எங்களோடு வந்திருந்த அம்மா அதைக் கண்டு பொலிஸ் என்று நினைத்துச் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டா. தொப்பிக்காரர் கருவியைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி எறியச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து தம்பிக்கு என்ன வயது என்று கேட்டார்.

"பதினொன்று," என்றேன். அக்கா இல்லையா நான்.

எங்கள் பகுதிக்கு வீடு வீடாகப் போடுகிற சிறிய பத்திரிகையில் அண்ணனின் படம் வந்தது. பதினொரு வயதுப் பிள்ளையின் அதிசயக் கை என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலையில் எல்லோருக்கும் காட்டினார். பேஸ்பால் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. மகன் எதிலோ முதலாம் பிள்ளை என்பது போதும்.

ஓகஸ்டில் ஒரு நாள் அணியினர் அண்ணனைத் தங்களோடு ஒரு நாள் இருக்கும்படி அழைத்தார்கள். நாலு பேரும் ஞாயிற்றுப் பூசைக்குப் போகிற உடுப்பில், மெட்ரோ எடுத்து, நகரத்தின் கிழக்கே இருந்த அந்தப் பெரிய அரங்கத்துக்குப் போனோம். அம்மா நாற்பது மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தா. ஒருவருடைய வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம். அண்ணனுக்குச் சீருடை கொடுத்தார்கள். முதுகில் அப்பாவின் பெயர், எங்கள் பெயர்களுக்கே உரிய நீளத்தில், ஒரு கக்கத்தில் தொடங்கி மற்றக் கக்கத்தில் முடிந்தது. அதைப் பார்த்து அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆட்டம் தொடங்கமுன் பயிற்சி நேரத்தில் அண்ணனை மேட்டில் ஏற்றினார்கள். மட்டையோடு எதிரே நின்றவர் எங்கள் வீட்டுக் கதவில் குனிந்துதான் நுழையக்கூடிய உயரம். முதல் பந்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டாவதுக்கு மட்டையை வீசித் தவறவிட்டார். சுற்றி நின்றவர்கள் கூவினார்கள். மூன்றாவதுக்கு அவர் சிரிக்கவில்லை, காலை அகட்டி நின்றார். அதுவும் தவறியது. பிறகு அவரே மேட்டுக்கு நடந்து வந்து தன்னுடைய தொப்பியைக் கழற்றி அண்ணனின் தலையில் வைத்தார். அது அண்ணனின் மூக்கு வரை இறங்கி மூடிவிட்டது. ரோல்ஸ் நாற்பதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. இன்னும் உண்டா என்று ஒருவர் வந்து கேட்டதை அம்மா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தா.

போகும்போது தொப்பிக்காரர் அப்பாவிடம், அதாவது என்னிடம், சொன்னார். வருகிற பங்குனியில் அணி தெற்கே பயிற்சிக்குப் போகும்போது அண்ணனையும் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு கோடையும் தாங்களே பயிற்சி கொடுப்பார்கள். வயது வந்ததும் ஒப்பந்தம். அதற்கு முன் கடதாசி வேலைக்காகத் தான் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். திரும்பிவரும் மெட்ரோவில் அண்ணன் அந்தச் சீருடையைக் கழற்றாமல் இருந்தார். வெளியில் கதைக்கக்கூடாது என்பதை மறந்து, உடைந்த குரலில், "மடக்கத்தான் வேணுமாம்," என்று எனக்குச் சொன்னார். அம்மா அவருடைய தொடையில் கிள்ளினா.

அடுத்த தமிழ்ப் பூசையில் எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், எங்கள் ஊரைச் சேர்ந்த மூக்குக்கண்ணாடி மாமா ஒருவர், பத்திரிகைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரத்துக் கேட்டார்.

"இவன் என்ரை மூத்தவனோடை ஒண்டா முதல் நன்மை எடுத்தவனெல்லே? என்ரை மூத்தவனுக்குப் பதினாலு நடக்குது. இதென்ன, பதினொண்டு எண்டு போட்டிருக்கிறாங்கள்?"

சிலர் சிரித்தார்கள். அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "அது வேறை பெடியன். உங்களுக்கு மாறிப்போச்சு," என்று சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.  வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த, ஊரில் எடுத்த முதல் நன்மைப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

"அந்தாள் பெட்டிசம் போடும்," என்றார்.

பெட்டிசம் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் என்ன கனம் என்று உங்களுக்குச் சொல்லத்தேவையில்லை. அரசாங்கத்துக்குக் கோள் சொல்லிப் பெயர் போடாத ஒரு கடிதம், ஒரு முத்திரை, அவ்வளவுதான். விசாரணைக்குத் திகதி வந்திருந்தது, இன்னும் இரண்டு மாதம். கடிதம் போய்விட்டால் மகனின் வயது பொய், வயது பொய்யென்றால் எல்லாம் பொய் என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா இரவில் நித்திரை கொள்ளாமல் பகலில் தொழிற்சாலையில் நின்றார். மூக்குக்கண்ணாடி மாமா பெட்டிசம் ஒன்றும் போடவில்லை. இருபது வருடம் கழித்து அவருடைய மூத்தவனின் கலியாணத்தில்தான் தெரிந்தது, அவர் தன் மகனின் வயதில் நாலு வருடத்தைக் குறைத்திருந்தார். நம்முடைய ஆட்கள்தானே என்ற நினைப்பில் வாய் தவறிக் கேட்டிருக்கிறார். நம்முடைய ஆட்களுக்குப் பயந்துதான் அப்பா அண்ணனை அழித்தார்.

தொப்பிக்காரர் சொன்னபடி வந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம். அம்மா பற்றிசும் தேத்தண்ணியும் வைத்தா. குசினி மேசையில் அப்பாவும் அவரும் எதிரெதிரே, நடுவில் நான். மேசையின் அந்தத் தலைப்பில் அண்ணன், அன்று காலை மழித்த முகத்தோடு.

தொப்பிக்காரர் முதலில் பிறப்புச் சான்றிதழைப் பற்றிக் கேட்டார். ஊரில் எரிந்துவிட்டது என்றேன். அப்பா சொல்லித் தந்திருந்த பதில் அது. பிறகு, எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற மாதிரி, அண்ணனின் கை எலும்பை எக்ஸ்ரே படம் எடுக்கவேண்டும் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்குமுன் தொப்பிக்காரர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். விதையை மெல்லுவதையும் நிறுத்தியிருந்தார். மெதுவாக, எனக்கு ஒரு சொல்லும் தவறாதபடி, பிரெஞ்சில் சொன்னார்.

"உன் அப்பாவிடம் சொல். முப்பது வருடமாக நான் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்து வருகிறேன். இவனுக்குப் பதினொன்று இல்லை. பதின்மூன்று, பதினாலு இருக்கும். அதனால் எனக்கு ஒன்றும் இல்லை, பதினாலுக்கும் அது நல்ல கைதான். வெளிநாட்டுப் பிள்ளைகளின் கடதாசிகளைச் சரிப்படுத்த எங்களிடம் ஒரு வக்கீல் இருக்கிறார். அவருக்கு இது தினமும் பார்க்கிற வேலை. உண்மையை மட்டும் எனக்குச் சொல்லட்டும். நான் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை."

எனக்குப் பன்னிரண்டு வயது. வயதைப் பற்றி யாராவது கேட்டால் அது பொறி என்று இரண்டு வருடமாக எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். பயந்தேன். இவர் நல்லவர் மாதிரிக் கதைத்து வாயைக் கிளறுகிறார் என்று நினைத்தேன். இதைத்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தக் கோடை முழுவதும் எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவருக்குப் பதினாலு என்று ஆகிவிட்டால் நான் அக்கா இல்லை. பிறகு எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற எண்ணமும் அந்த நிமிடத்தில் எனக்குள் ஓடியது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"எலும்பைப் படம் எடுத்தால் உண்மையான வயது தெரிஞ்சிடுமாம்."

"வேறை என்ன சொன்னவர்? கனக்கக் கதைச்சவரே."

"அவ்வளவுதான்."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவனுக்கு உதிலை விருப்பம் இல்லையெண்டு சொல்லு. படிக்கப்போறான் எண்டு சொல்லு."

நான் அதை நல்ல பிரெஞ்சில் சொன்னேன். தொப்பிக்காரர் நம்பவில்லை. அண்ணனின் பக்கம் திரும்பி, அப்படியா என்று நேரே கேட்டார். அண்ணன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். பிறகு ஓம் என்று தலையை ஆட்டினார். கேள்வி விளங்காமல் ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தொப்பிக்காரர் எழும்பி, அம்மாவுக்கு மெர்சி சொல்லி, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கோச் பிறகும் இரண்டு மூன்று முறை பாண் வண்டியை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி மணி அடித்தார். திறக்கவேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். கோச் கொடுத்திருந்த கையுறையையும் பந்தையும் அப்பா குப்பையில் போட்டார். சீருடையை அம்மா தோய்த்து, மடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேசுக்குள் வைத்தா. வீடு மாறும்போது அந்தச் சூட்கேஸ் எங்கேயோ போய்விட்டது.  தொழிற்சாலையின் பின் சுவரில் அண்ணன் கல்லால் எறிந்துகொண்டிருப்பதைச் சில நாட்கள் கண்டேன். காவலாளி வந்து கலைத்த பிறகு அதுவும் நின்றுவிட்டது.

விசாரணை ஒரு மணித்தியாலம்கூட நடக்கவில்லை. எங்களை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளின் வயதை ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகாவது திருத்தியிருக்கலாம். பேந்து பார்ப்பம், பேந்து பார்ப்பம் என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். பதினேழு வயதில் பதினாலு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்க அண்ணனுக்கு முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் தொழிற்சாலைக்கே போய்ச் சேர்ந்தார். டொக்டர் கதை அத்தோடு முடிந்தது. இப்போது சென்ட் லோரன்டில் ஒரு மருந்துப் பொருள் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். வலது கை காதுக்கு மேலே எழும்பாது. கடதாசியின்படி அவருக்கு வயது குறைவு என்பதால் மற்றவர்களைவிட மூன்று வருடம் கூடுதலாக வேலை செய்தால்தான் பென்சன். அப்பா திருப்பி எடுத்துக் கொடுத்த மூன்று வருடத்தை அவர் இனிமேல்தான் சுமந்து முடிக்கவேண்டும்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால் சிரிப்பீர்களோ என்னவோ. விசாரணைகளில் மொழிபெயர்க்கிறேன். சொல்லப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவேன் என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்துவிட்டுத்தான் கதிரையில் இருக்கிறேன். வயதைத் திருத்த ஒரு வக்கீலுக்கு எவ்வளவு சின்ன வேலை என்று எனக்கு இப்போது தெரியும். நூறு தடவை கண்டுவிட்டேன்.

போன மாசியில் அப்பா இறந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அண்ணன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு மூன்று மணிக்கு வேலை. கார் சூடேறட்டும் என்று கோவில் முன்றலில் இருந்தோம். அப்போது சொல்லிவிட்டேன். தொப்பிக்காரர் என்ன சொன்னார், நான் எதை விழுங்கினேன் என்று எல்லாவற்றையும். அப்பா உயிரோடு இருக்கும்வரை சொல்லத் துணிவு வரவில்லை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணன் கண்ணாடியில் பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது," என்றார்.

"என்ன?"

"அந்த ஆள் சொன்னது. எனக்குப் பிரெஞ்சு விளங்கும். கதைக்க வேண்டாம் எண்டவை, கதைக்கேல்லை. அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"அப்பா உன்னட்டையெல்லே கேட்டவர்." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "நீ சொல்லுவாய் எண்டு உன்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தன். அந்தாள் படி இறங்கிப் போகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தன்."

பிறகு காரை எடுத்தார். என்னை எந்த மெட்ரோவில் இறக்கிவிட என்று கேட்டார்.